இருபத்தொரு கிணறுகளின் சராசரி

தண்ணீர் அலுவலகத்து ஆள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, குழந்தைக்கு வைத்திருந்த தண்ணீரை அவனுக்குக் கொடுத்தோம்.

குழந்தை என் அண்ணன் மகன். பெயர் யோவானே. ஏழு மாதம் முடிந்திருந்தது. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். மகனைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். அண்ணி எமிரே எங்களோடு ஊரின் தென்முனையில் இருந்தாள். அவளுக்கு ஒத்தாசை வேண்டியிருந்தது, அம்மாவின் காலில் ஆறாத புண் இருந்தது. அதனால் நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். அதைப் பற்றி வீட்டில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் எதைப் பற்றியுமே அதிகம் பேசுவதில்லை.

பதினான்கு மாதமாக மழை இல்லை. எங்கள் தீவில் மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக மிதக்கும். ஊரின் நடுவில் நிலம் அகலம். அங்கே அந்த ஆடை இன்னும் இருந்தது. தென்முனை ஒடுக்கமானது. வீட்டு வாசலில் நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரியும். அங்கே ஆடை கிழிந்துவிட்டது. எங்கள் ஏழு வீட்டுக் கிணறுகளும் உப்பாகிவிட்டன. பெரியவர்கள் தென்னம்பாகு கலந்து எப்படியோ குடித்தோம். குழந்தைக்கு மட்டும் மாதா கோயில் கிணற்றுத் தண்ணீர். அளவுக்கு மீறி இறைத்தால் அந்தக் கிணறும் கெட்டுவிடும் என்று, தென்முனையில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என ஊர்ப் பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

ஒரு பாட்டில் குடிக்கவே சரியாக இருக்கும். கஞ்சி காய்ச்ச, பாத்திரம் கழுவ எல்லாம் வீட்டுக் கிணறுதான். யோவானேவுக்கு மாதத்தில் இரண்டு முறையாவது வயிற்றுப்போக்கு வரும். தொடையில் சதை வற்றி, தோல் மடிந்து தொங்கியது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க" என்று எமிரே ஒருநாள் அப்பாவிடம் சொன்னாள். "இப்ப வரப்போற கப்பல் திரும்புறதுக்குள்ள தண்ணிக்கு ஒரு வழி தெரியலன்னா, நான் புள்ளையத் தூக்கிட்டு தராவாவுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எங்கயும் போக வேணாம்மா" என்றார் அப்பா. "அளந்து பாக்க ஆள் வர்றான். குழாய் வந்துடும்."

அப்பா சொன்னது வெறும் சமாதானம் இல்லை. தீவில் ஐந்து ஊர்கள். இந்த முறை இரண்டு ஊருக்குத்தான் குழாய் போடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் மீட்டரில் அளப்பார்கள். எண் கூடினால் உப்பு கூடுதல் என்று பொருள். ஊரின் சராசரி ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டினால், நிலம் அகலமான இடத்திலிருந்து குழாய் வரும். அது போட்டு முடியும்வரை வாரந்தோறும் பீப்பாயில் தண்ணீர் வரும். அளக்க வந்த கபுவாசி என்ற இளைஞன், வந்த கப்பலிலேயே நான்கு நாளில் திரும்ப வேண்டும். எமிரேவும் அந்த நான்கு நாளைத்தான் சொன்னாள்.

அளக்கிற நாள் காலையில் அம்மா என் கையில் பாட்டிலைத் திணித்தாள்.

"ஓடிப் போய் கோயில் கெணத்துல புடிச்சிட்டு வா. வேலிக்குப் பின்பக்கமா போ."

"புள்ளைக்கா?"

"வர்ற ஆளுக்குடி. நம்ம தண்ணிய வாயில வச்சா துப்பிடுவான். மானம் போயிடும்."

கிணறு குடும்பத்துடையது. வெளியாள் தானாகப் போய் அடுத்தவர் கிணற்றை எட்டிப் பார்ப்பதில்லை. வந்தவர் பாயில் உட்காருவார், தண்ணீர் அவர் இருக்கும் இடத்துக்கு வரும். எங்கள் கிரிபாட்டி நாட்டில் எந்தத் தீவுக்குப் போனாலும் இதுதான் முறை. கபுவாசியும் இந்தத் தீவுகளில் பிறந்தவன்தானே. ஒவ்வொரு வீட்டிலும் பாயில் உட்கார்ந்தான். கொண்டுவந்த தண்ணீரில் மீட்டரை விட்டு எண்ணைச் சொன்னான். பிறகு அந்தத் தண்ணீரையே ஒரு வாய் குடித்துவிட்டு நன்றி சொன்னான்.

கோயில் கிணற்றில் எனக்கு முன்பே நான்கு பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் தென்முனைப் பிள்ளைகள். கையில் பாட்டிலோடு ஒருவரை ஒருவர் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏய் மரேவா, உங்க வீட்டுக் கெணறும் இங்கதான் இருக்கா?"

"அது காலைலயே நடந்து வந்துடுச்சு. உங்களது?"

"எங்களது நேத்தே வந்து எடம் புடிச்சிருச்சு."

நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

எங்கள் வீட்டுப் பாயில் கபுவாசி உட்கார்ந்தான். பக்கத்தில் என் பெரியப்பா மகள் தெரேசியா தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் தலைநகர் தராவாவில் மேல்வகுப்பு படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். எண்களை எழுத அவளைத்தான் பிடித்திருந்தார்கள்.

"அறுநூத்தி நாப்பத்தஞ்சு" என்றான் கபுவாசி. பிறகு குவளையைக் காலி செய்தான். "நல்ல தண்ணி ஐயா."

"எங்க தாத்தா தோண்டுனது தம்பி" என்றார் அப்பா. அவர் முகத்தில் உண்மையாகவே பெருமை இருந்தது. "இன்னொரு குவளை குடிங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

அவன் மறுக்கவில்லை. கூட வந்தவர்களும் குடித்தார்கள். எமிரே குழந்தையோடு உள்ளே வந்தபோது பாட்டில் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், குழந்தையோடு வெளியே போனாள். அன்று யோவானே வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் குடித்தான். மாலைக்குள் மூன்று முறை வயிற்றால் போனது.

மறுநாள் பெரியப்பா வீட்டில் தேங்காய் துருவக் கூப்பிட்டார்கள். விருந்தினர் குடில் அந்த வீட்டை ஒட்டியே இருந்தது. இடையில் ஓலைத் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் பேசுவது என் மடியில் பேசுவது போலக் கேட்டது.

"சராசரின்னா என்ன? சொல்லு பாப்போம்" என்றான் கபுவாசி.

"ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. நான் அன்னிக்கு லீவு" என்றாள் தெரேசியா.

"சரி. எல்லாரும் மீன் புடிச்சிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சுட்டுத் திம்போம்."

"அதுக்கு முன்னாடி!"

"அதுக்கு முன்னாடி நீங்க வந்து எத்தன மீனுன்னு எழுதச் சொல்லுவீங்க."

அவன் சிரித்துவிட்டான். "எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு, ஆளுக்கு சமமாப் பிரிப்பீங்க இல்ல? ஒருத்தன் பங்குல எவ்வளவு வருதோ அதான் சராசரி. கூட்டி, ஆளு எண்ணிக்கையால வகுக்கணும்."

"அப்ப இந்த ரெண்டாவது கட்டம்?"

"அது நடு எண். எல்லாரையும் குட்டையில இருந்து நெட்டை வரைக்கும் வரிசையா நிக்க வையி. சரியா நடுவுல யார் நிக்கிறானோ அவன். மூணாவது கட்டம் இருக்கறதுலயே குறைஞ்சது, நாலாவது இருக்கறதுலயே கூடுனது. எல்லா எண்ணையும் யாரும் உக்காந்து படிக்க மாட்டாங்க. இந்த நாலைத்தான் பாப்பாங்க. நெசத்தைச் சொல்லணும்னா, மொத கட்டத்தை மட்டும்தான் பாப்பாங்க."

"இருபத்தோரு எண்ணை எழுதி, நாலா சுருக்கி, அதுல ஒண்ணை மட்டும் பாக்கவா கப்பல் ஏறி வந்தீங்க?"

"அதுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்க."

அவன் குளிக்கப் போனதும் தெரேசியா தடுப்பைச் சுற்றி ஓடிவந்து தாளை என் மடியில் போட்டாள். "நீ போட்டுக் குடுடி. உனக்குத்தான் கணக்குன்னா சக்கரையாச்சே. நான் தேங்கா துருவுறேன்."

உண்மைதான். பள்ளியை விட்டதில் எனக்கு வலித்தது அந்த ஒன்றுதான். நான் கூட்டினேன். பதினேழாயிரத்து நூற்றுப் பதினைந்து. இருபத்தொன்றால் வகுத்தேன். மீதியே இல்லாமல் எண்ணூற்றுப் பதினைந்து வந்தது. மீதி இல்லாமல் வந்ததில் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன்.

பிறகு நடு எண்ணுக்காக வரிசைப்படுத்தினேன். தாளில் இடம் போதவில்லை. தரையில் விரல்கடைக்கு நூறு என்று ஒரு கோடு இழுத்து, கிணற்றுக்கு ஒரு பவளத்துண்டாக வைத்துக்கொண்டே போனேன். ஐந்நூற்று இருபதில் ஒன்று, ஐந்நூற்று அறுபதில் ஒன்று. பெரும்பாலானவை தள்ளித் தள்ளி விழுந்தன. கடைசியாக ஆயிரத்து அறுநூற்று எண்பதில் ஒன்று. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் துண்டின் மேல் துண்டாகக் குவிந்தது. அறுநூற்று நாற்பது, நாற்பது, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, ஐம்பது. எட்டுத் துண்டுகள்.

கோயில் கிணறு ஒன்று. மற்ற ஏழும் நாங்கள்.

கடைக்கோடிக் கிணறுகள் ஏழும் ஊரின் நல்ல கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றன. கோட்டில் அந்தப் பக்கம், மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் மேலே, அவை இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை கிடந்தது. எண்ணூற்றுப் பதினைந்து என்றால் குழாய் இல்லை. பீப்பாய் இல்லை. எமிரே போய்விடுவாள்.

"தெரேசியா, இது தப்பு" என்றேன்.

"கூட்டல் தப்பா?"

"தண்ணியே தப்பு."

நான் சொல்லச் சொல்ல அவள் துருவலை நிறுத்தினாள். குளித்துவிட்டு வந்த கபுவாசியிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் தடுப்புக்குப் பின்னாலேயே நின்று ஓலை இடுக்கில் பார்த்தேன். அவன் அதிர்ச்சி அடைவான் என்று நினைத்தேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகத்தான் பேசினான்.

"எட்டு கெணத்துல ஒரே எண் வந்தா எனக்குத் தெரியாதா? மூணாவது வீட்டுலயே புரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் கேக்கல?"

"பாயில உக்காந்துகிட்டு, இது உங்க தண்ணிதானான்னு கேக்கவா? எங்கம்மா என்னை அப்படி வளக்கல."

"இப்ப மாத்தி எழுதிடுங்க."

"வீட்டுக்காரர் தன் வாயால சொல்லி, தன் தண்ணியக் கொண்டு வந்தா மாத்துறேன். நீங்க ரெண்டு பொண்ணுங்க சொல்லி மாத்துனா, அவங்க ஏழு பேரையும் நான் பொய்யன்னு எழுதுன மாதிரி ஆயிடும்." துண்டைக் கொடியில் போட்டான். "உப்பான கெணறு எப்படியும் நாலாயிரத்து ஐநூறு கிட்ட காட்டும். நாலு வீடு வந்தாப் போதும். ஆயிரத்து ஐநூறைத் தாண்டிடும்."

அந்தக் கணக்கை அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தான்.

அன்று பிற்பகல் அப்பா கடலோரத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்து, நான்கு மட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு, நான் பேச்சை ஆரம்பித்தேன்.

"அப்பா, நாம குடுத்த தண்ணிய வச்சுத்தான் கணக்கு."

"ம்."

"நம்ம ஏழு வீட்டுலயும் நல்ல தண்ணின்னு எழுதியிருக்கு. ஊருக்கு எண்ணூத்திப் பதினஞ்சு வருது. குழாய் வராது."

கத்தி நின்றது. "வீட்டுக்கு வந்தவனுக்கு உப்புத் தண்ணியையா நீட்டச் சொல்ற?"

"குடிக்க இல்லப்பா. அளக்க."

"குடிச்சானே! அளக்க ஒரு தண்ணி, குடிக்க ஒரு தண்ணின்னு எந்த வீட்டுல வச்சிருக்காங்க?" குரல் உயர்ந்தது, பிறகு தானாகவே இறங்கியது. "ஏமாத்தணும்னு யாரும் செய்யல மரேவா."

"தெரியும்பா. நானும்தான் போய் எடுத்துட்டு வந்தேன்."

அவர் இன்னொரு தேங்காயை இழுத்து வைத்தார். "கோயில் கெணத்துலயும் வடக்கயும் நல்ல தண்ணி இருக்கறது நெசந்தான. அதையும் சேத்தா எப்படி ஆயிரத்து ஐநூறு வரும்?"

"எல்லாத்தையும் ஒரே குவியலாப் போட்டு சமமாப் பிரிக்கிற மாதிரி. நாலு வீடு சொன்னா வந்துடும்."

"நாலு வீடு" என்றார். கத்தியை மட்டையில் குத்திவிட்டு எழுந்தார்.

மற்ற ஆறு வீட்டுக்கும் போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். முகம் தெளிந்திருந்தது. தென்முனைக்கு மூத்தவர் தொகதாகே தாத்தா, "ஊர் மன்றத்துல மொதல்ல நீ எந்திரி பவுரோ, நாங்க பின்னாலயே எந்திரிக்கிறோம்" என்று சொன்னாராம். மற்றவர்களும் அதையே சொன்னார்களாம். அப்பா எமிரேவிடம், "பெட்டியக் கட்டாதம்மா" என்றார். எமிரே குழந்தையின் கால்களை எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தாள்.

கப்பல் கிளம்புவதற்கு முதல்நாள் மதியம் ஊர் மன்றத்தில் வழியனுப்பு விருந்து. ஒவ்வொரு குடும்பமும் மன்றத்தில் தன் தூணுக்குக் கீழே, தன் இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தது. கபுவாசிக்குத் தலையில் பூமாலை கட்டி, கழுத்தில் பவுடர் தட்டி, வாசனைத் தண்ணீர் தெளித்தார்கள். சோறும் கருவாடும் சுட்ட ஈரப்பலாவும் டின் இறைச்சியும் நிறைந்து கிடந்தன. அவன் எழுந்து, எல்லா வீட்டுக்கும் நன்றி சொன்னான். கடைசியில், "யாராச்சும் எதையாச்சும் மாத்திச் சொல்லணும்னா, தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு" என்றான்.

அப்பா எழுந்தார். அவர் கையில் அதே பாட்டில். நான் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு நான் குடுத்தது கோயில் கெணத்துத் தண்ணி" என்றார் அப்பா. "வந்தவருக்கு நல்ல தண்ணி குடுக்கணும்னு குடுத்தேன். என் கெணத்துத் தண்ணி இதுதான். காலைல எடுத்தேன்."

கபுவாசி மீட்டரை விட்டான்.

"நாலாயிரத்து நானூத்தி இருபத்தஞ்சு."

அடுத்து அவன் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. குவளையில் ஊற்றி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், முழுவதையும் குடித்தான். "நன்றி ஐயா" என்றான்.

அவ்வளவோடு நின்றிருந்தால் அடுத்தவர் எழுந்திருப்பார். தொகதாகே தாத்தா கையைத் தரையில் ஊன்றியதை நான் பார்த்தேன். அப்போது வடக்குத் தூணுக்குக் கீழேயிருந்து ஒருவர் கேட்டார்:

"ஏம்பா பவுரோ, அப்ப உங்க தாத்தா தோண்டுனது மாதா கோயில் கெணறா? சாமியாருக்குத் தெரியுமா?"

மன்றம் முழுவதும் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. விருந்தில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான். அப்பாவும்கூடச் சிரித்தார். ஆனால் தொகதாகே தாத்தா ஊன்றிய கையை எடுத்து, பாயில் சிந்தியிருந்த பவுடரை விரலால் கூட்ட ஆரம்பித்தார். மற்ற ஐந்து வீட்டு ஆண்களும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள்.

"வேற யாராச்சும்?" என்றான் கபுவாசி.

அப்பா உட்காரவில்லை. பின்னால் எழுந்திருக்கப் போகிறவர்களுக்கு இடம் விடுகிற மாதிரி சற்று ஒதுங்கி நின்றார். தூணுக்குத் தூண் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தார். அம்மாதான் அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அதற்குள் பிள்ளைகள் ஆட வந்துவிட்டார்கள், ஆட்டத்துக்கு மரப்பெட்டியைத் தட்டும் தாளம் ஆரம்பித்துவிட்டது.

நான் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டேன். அறுநூற்று நாற்பத்தைந்து போய் நாலாயிரத்து நானூற்று இருபத்தைந்து வந்தால், கூடுவது மூவாயிரத்து எழுநூற்று எண்பது. அதை இருபத்தோரு கிணறும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கிணற்றுக்கு நூற்று எண்பது.

ஆட்டத்துக்கு நடுவில் அப்பா என் பக்கம் குனிந்தார். "எவ்வளவு ஏறுச்சு?"

"நூத்தி எண்பது."

"இப்ப எவ்வளவு?"

"தொள்ளாயிரத்து தொண்ணூத்தஞ்சு."

அவருக்கு எண்கள் அவ்வளவாக வராது. ஆனால் ஆயிரத்து ஐந்நூறு மனதில் இருந்தது. "என்னோட எண் எவ்வளவு பெருசு! நாலாயிரமாச்சே" என்றார். "இன்னொரு கட்டம் இருக்குன்னியே, நடுவுல நிக்கிறவன். அவன்?"

அதையும் நான் பார்த்திருந்தேன். வரிசையில் ஒருவர் கடைக்கோடிக்குப் போனதால் நடு இடம் ஒரே ஒரு ஆள் தள்ளிப்போனது. அறுநூற்று நாற்பத்தெட்டு அறுநூற்று ஐம்பது ஆனது. "ரெண்டு ஏறியிருக்குப்பா."

"ரெண்டாயிரமா?"

"ரெண்டு."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். தட்டிலிருந்த ஈரப்பலாத் துண்டை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் காலை எமிரே பெட்டியைக் கட்டினாள். நான் யோவானேவை மடியில் வைத்திருந்தேன். அவன் என் சட்டைப் பொத்தானை வாயில் வைக்கப் பார்த்தான்.

"மாமா மேல எனக்கு ஒண்ணுமில்ல மரேவா" என்றாள் எமிரே. "ஊர் நடுவுல நின்னாரு. எங்கப்பாவா இருந்தா நின்னிருக்க மாட்டாரு. ஆனா நேத்தும் இவனுக்கு நாலு தடவ போச்சு."

"மழை பேஞ்சா வந்துடு அண்ணி."

"பேஞ்சா வர்றேன்" என்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

படகு கப்பலுக்குப் போகும்போது அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்துத் தள்ளிவிட்டார். கபுவாசி எமிரேவின் பெட்டியைத் தன் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தெரேசியா அவனை ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து எமிரே ஆட்டிக் காட்டினாள். திரும்பி வந்ததும் அம்மா வழக்கம்போல அரிசி களைந்துவிட்டு, ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனியாக வைத்தாள்.

எட்டு வாரம் கழித்து, முடிவு தாளாக வந்து மன்றத்தின் தூணில் ஒட்டப்பட்டது. ஐந்து ஊர்களின் பெயரும் எதிரே எண்களும். குழாய் வேறு இரண்டு ஊர்களுக்கு. அது எங்களுக்கு முன்பே தெரியும். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், படித்துச் சொல்லச் சொன்னார்.

"நம்ம ஊர். கிணறுகள் இருபது. சராசரி எண்ணூத்தி இருபத்து நாலு..."

"இருபதா?" என்றார் அப்பா. "இருபத்தொண்ணு இல்ல?"

நான் தாளின் அடியைப் பார்த்தேன். அங்கே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மற்ற அளவுகளிலிருந்து வெகுவாக விலகியிருந்த ஓர் அளவு, கருவிப் பிழை எனக் கருதி நீக்கப்பட்டது.

யாரோ ஒருவர், தராவாவில் ஒரு மேசையில் உட்கார்ந்து, இருபது எண்கள் நெருக்கமாக நிற்பதையும் ஒன்று மட்டும் தூரத்தில் நிற்பதையும் பார்த்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? விவரம் தெரியாமல் தரையில் பவளத்துண்டு வைத்துப் பார்த்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அதன் பக்கத்தில் இன்னும் ஆறு துண்டுகள் நின்றிருந்தால் யாராலும் எடுத்திருக்க முடியாது.

"எந்தக் கெணத்த விட்டுட்டாங்க?" என்று அப்பா திரும்பவும் கேட்டார். பக்கத்தில் தொகதாகே தாத்தாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். அவர்களும் நான் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னேன்.

"நம்மளதுப்பா. மீட்டர் தப்பாக் காட்டிடுச்சுன்னு நெனச்சு அடிச்சிட்டாங்க."

தொகதாகே தாத்தா தூணின் மறுபக்கம் போய்விட்டார். அப்பா தாளைத் தொட்டுப் பார்த்தார். தன் வீடு எந்த வரியில் இருந்திருக்கும் என்று தேடுகிறவர் போல விரலை மேலிருந்து கீழே இழுத்தார். அந்தத் தாளில் வீடுகளின் பெயர் எதுவும் இல்லை.

"தப்பாக் காட்டலையே" என்றார். "அந்தத் தம்பி குடிச்சுகூடப் பாத்தாரே."